திருத்தம் இல்லாமல் காட்டு

நானூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
கரைவலைப் பாடுகள் பற்றிய அறிக்கை.
இறுதி. இறுதி-2. இறுதி-உண்மையாகவே.
கோப்பின் பெயருக்கே மூச்சு வாங்குகிறது.

அச்சடிக்கலாம்தான்.
கந்தோரில் தாள் இல்லை, மை இல்லை,
பிரிண்டரின் வயிற்றில் ஒரு பல்லி குடும்பம் நடத்துகிறது.
"ஸ்கிரீனிலையே வாசியுங்கோ, இண்டைக்கு முடியும்" என்றுவிட்டு
மூதூருக்குப் போய்விட்டார் குணபூஷணம்.

உட்துறைமுக வீதி, இரண்டாம் மாடி.
மூன்று மணியானால் துறைமுகத் தண்ணீர்
கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கி
நேரே என் திரையில் எறியும்.
வெள்ளைப் பக்கத்தின் மேல் வெள்ளை வெயில்.
எது எழுத்து, எது எறும்பு?

முதலில் அளவு.
நூறு என்றால் கண் இடுங்குகிறது.
இருநூறு என்றால் வரி ஜன்னலைத் தாண்டி ஓடுகிறது.
வலது கரைக்குப் போய், இடது கரைக்குத் திரும்பி,
நான் வாசிக்கிறேனா, வலை இழுக்கிறேனா?
நூற்று முப்பதில் நிறுத்தினேன்.
அங்கே ரகரம் வேறு, துணைக்கால் வேறு.
மெய்யெழுத்தின் தலையில் இருப்பது
புள்ளிதான், தூசி இல்லை.

பிறகு நிறம்.
பக்கத்தின் வெள்ளையைத் தணித்துத் தணித்து
பிளேன்ரீ சிந்திக் காய்ந்த நிறத்துக்குக் கொண்டுவந்தேன்.
"நனைஞ்ச பிஸ்கட் மாதிரிக் கிடக்கு"
என்றாள் பக்கத்து மேசை நஸ்லிமா.
நோன்பு.
காலையில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்ததிலிருந்து
அவளுக்கு எல்லாமே தின்கிற பொருள்.
என் கோப்பையை மேசைக்கு அடியில் வைத்தேன்.

பக்கத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில்
சாம்பலாய் ஒரு வெளி.
அதன் விளிம்பில் இரண்டு தரம் தட்டினால்
மூடிக்கொள்ளும் என்று
பதினொரு வருஷமாக எனக்குத் தெரியாது.
மூடிற்று.
முப்பதாம் பக்கத்தின் அடியில் பாதியில் நின்ற சம்மாட்டி ஒருவர்
இடையில் எச்சில் விழுங்காமல் பேசி முடித்தார்.

கருவிப்பட்டையை மறைத்தேன். அளவுகோலை மறைத்தேன்.
கடைசியில், சிவப்பும் நீலமும் பச்சையுமாய்
பக்கமெல்லாம் கீறிக் கிடந்த திருத்தங்களை.
மூன்று பேருடைய கை.
'திருத்தம் இல்லாமல் காட்டு.'
காட்டிற்று.
கரையில் ஒரு சிப்பிகூட இல்லை.

வாசிப்பு வழுக்கிக்கொண்டு போனது.
நாற்பது. ஐம்பத்தாறு.
கீழே பஸ் ஒன்றை மறித்து நின்ற மான்
கடலைச் சரையைத் தின்றுவிட்டு நகர்ந்தது.
அறுபத்தெட்டு.

எழுபத்து மூன்றில் தடக்கியது.

*அறுபத்திரண்டு குடும்பங்களைக்
கரையை விட்டு விலகினார்கள்.*

குடும்பங்களை.
அந்த ஐ அங்கே என்ன செய்கிறது?
செய்தவனைத் தேடிக்கொண்டு
தனியாக நிற்கிறது, வாசலில் விட்ட செருப்பைப்போல.
எழுத்துப்பிழை என்று வெட்டப் போனேன்.
விரல் போனது. நான் போகவில்லை.

'எல்லாத் திருத்தங்களையும் காட்டு.'

நீல நிறம். பயனர்-3. செவ்வாய், பிற்பகல் 4.12.
நீக்கியது: க்.
அவ்வளவுதான்.
விலக்கினார்கள் என்று இருந்தது.
ஒரு மெய்யெழுத்தைக் கழற்றியதும்
அறுபத்திரண்டு குடும்பம் தானாக எழும்பி,
பாயைச் சுருட்டி, வாடியைப் பூட்டி,
தங்கள் விருப்பத்துக்குப் போய்விட்டது.
ஐயைக் கழற்ற மட்டும்
பயனர்-3 மறந்துவிட்டார்.
தேத்தண்ணி வந்திருக்கும்.

"முடிஞ்சுதோ?" நஸ்லிமா பையில்
பேரீச்சம்பழச் சரையைத் தேடிக்கொண்டிருந்தாள்.
"முதலாம் பக்கம்" என்றேன்.
"காலமையும் அதைத்தானே சொன்னீங்கள்?"

திருத்தங்கள் திரும்பிவர
வலது ஓரம் குமிழி குமிழியாய் வீங்கி
வாசகம் இடது பக்கம் ஒடுங்கிற்று.
நூற்று முப்பது இனிச் சரிவராது.
நூற்றுப் பத்து. நூறு.
தொண்ணூறில்தான் இரண்டும் ஒன்றாய் அடங்கின,
சொன்னதும் அழித்ததும்.
பிஸ்கட் நிறத்தை மட்டும் விட்டுவைத்தேன்.

வெயில் தண்ணீரை விட்டு இறங்கியிருந்தது.
பாங்கு கேட்டது. ஒரு பழம் என் விசைப்பலகையின் மேல் வந்து விழுந்தது.
கொட்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு
கண்ணை இடுக்கி, முதல் வரி.
ஒரு ககரத்தின் தலையில் ஏதோ.
சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தேன்.
போகவில்லை.